மறுவீட்டுச் சொதிக்குப் போன வேகம்

எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்கும் ஆணிக்கு அடுத்த ஆணியில் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்குகிறது. கறுப்புக் கயிறு, மஞ்சள் பொத்தான், உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு. அதன் முகத்தில் நாலு வருடமாக ஒரே எண்தான் நிற்கிறது: ஒரு நிமிடம் இருபத்தோரு விநாடி. வீட்டுக்கு வருகிறவர்கள் மணி பார்க்க அதைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்ப்பார்கள். ஓடாத கடிகாரத்தை மாட்டி வைத்திருக்கிறவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அதில் தப்பும் இல்லை. ஆனால் அது ஓடாத கடிகாரம் இல்லை. ஒருத்தி ஓடி முடித்த நொடியில் நான் அமுக்கி நிறுத்திய கடிகாரம். அந்தப் பொத்தானை இன்னொரு தடவை அமுக்க எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஓடியவள் என் தங்கச்சி மகள். எனக்கு மருமகள் முறை. அவள் நடக்கப் பழகுவதற்குள் அப்பாக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கச்சி பீடி சுற்றிப் பிள்ளையை வளர்த்தாள். ஆம்பிளைத் துணை என்று அந்த வீட்டில் இருந்தது நான் ஒருத்தன்தான். துணையின் தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். அங்கேயே ரெண்டு வருடம் தங்கியும் பார்த்தேன், நாலாம் வகுப்பு என்னைக் கூப்பிடவே இல்லை. பிறகு மைக் செட்டில் சேர்ந்தேன். கடைத் திறப்பு, ஆடித் தள்ளுபடி, காணாமல் போன ஆடு, காது குத்து என்று எதுவானாலும் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைத் தெருக்களில் கத்திக்கொண்டே போகிற குரல் என்னுடையது. நோட்டீஸை வாசித்து வாசித்துத்தான் எழுத்துக் கூட்டவே கற்றேன். நடுநடுவே நாலு நக்கல் சேர்ப்பேன். ஜனம் சிரிக்கும். முப்பது வருடமாக என்னுடைய படிப்பு, பட்டம், சொத்து எல்லாம் அந்தச் சிரிப்புதான்.

அவள் காலேஜில் ரெண்டாம் வருடம் படிக்கும்போது எங்கள் மைக் செட் முதலாளி அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாட்டைவிட மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் மதிப்பு. அன்றைக்குத்தான் சொதி. தேங்காயைப் பிழிந்து முதல் பால், ரெண்டாம் பால் என்று பிரித்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டுக் காய்ச்சி, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி வைப்பார்கள். சாம்பாருக்கு ஆயிரம் பேரை அழைக்கலாம், சொதிக்கு வேண்டப்பட்டவர்களைத்தான் அழைப்பார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். மறுவீடு கங்கைகொண்டான் பக்கம், மாப்பிள்ளையின் ஊரில். நான் அன்று காலையில் மீசைக்கு மை தடவி, அது காய்வதற்காக மின்விசிறிக்குக் கீழே வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புறப்பட நேரமாகிவிட்டது. அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே கவலைதான்: முதல் பந்தியோடு சொதி தீர்ந்துவிடும், ரெண்டாம் பந்திக்கு ரசம்தான் வரும்.

அவள் எப்போதும் நிதானமாக வண்டி ஓட்டுகிறவள். நான்தான் முதுகைத் தட்டித் தட்டி விரட்டினேன். அவள் முறுக்கினாள். நாலு வழிச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பி ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது, வேப்பமரத்துக்குக் கீழே வேகம் பார்க்கிற கருவியோடு போலீஸ் நின்றிருந்தது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. ஆனாலும் எழுதி வைத்த போர்டு எழுதி வைத்ததுதான். அவள் போனது வேகம். அதை நான் இன்றைக்கும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

எஸ்.ஐ. மரியாதையான மனிதர். கருவியில் தெரிந்த எண்ணைக் காட்டினார். அபராதம் கட்டினால் இங்கேயே ரசீது தருகிறேன், இத்தோடு முடிந்தது என்றார். அவள் உடனே "சாரி சார், கட்டிருதேன் சார்" என்று பையைத் திறந்தாள். அங்கே நாலு போலீஸ்காரர்கள், ரெண்டு லாரிக்காரர்கள், ஒரு பதநீர்க்காரர் என்று ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"ஐயா, சொதி தீந்து போவும்னுதான் இப்பிடி வந்தோம். நீங்களும் வாங்க, இன்னொரு எல போடச் சொல்லுதேன்" என்றேன்.

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பதநீர்க்காரர் சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. ரசீது போடவா, இல்லை கோர்ட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டார். சிரித்தவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைக்கு நான் அடிமை.

"கோர்ட்டுக்கே போறோம்யா. அங்கன எனக்குத் தெரியாத தூணே கெடையாது."

அவள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இடத்தில் தையல் விட்டதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாங்கள் மறுவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சொதி தீரவில்லை. அண்டா நிறைய இருந்தது. நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவள் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டாள்.

கோர்ட்டில் எனக்குத் தெரியாத தூண் இல்லை என்றது பொய் இல்லை. அனுமதி நேரம் தாண்டிப் பாட்டுப் போட்டதற்காக அஞ்சு தடவை அங்கே நின்றிருக்கிறேன். பேரைக் கூப்பிடுவார்கள், கையைக் கட்டிக்கொண்டு "ஒத்துக்கிடுதேன்யா" என்று சொல்லவேண்டும், அபராதத்தைக் கட்டிவிட்டு எதிர்க் கடையில் டீ குடிக்கவேண்டும். எங்கள் மைக் செட் ஆட்களுக்கு அது சந்தைக்குப் போய்வருவது மாதிரி. யாரும் வழக்காட மாட்டோம், வக்கீல் வைக்க மாட்டோம். ஒத்துக்கொண்டால் பத்து நிமிஷம், மறுத்தால் பத்து மாதம், இதுதான் நாங்கள் படித்த சட்டம். அதை அப்படியே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூணு மாதம் கழித்து சம்மன் வந்தபோது, பாளையங்கோட்டைக் கோர்ட் வராந்தாவில் நின்று, குரலை எந்த அளவுக்குத் தாழ்த்த வேண்டும் என்பது வரைக்கும் பயிற்சி கொடுத்தேன். அவள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சுடிதாரில், பரீட்சைக்குப் போகிற முகத்தோடு உள்ளே போனாள். நான் சொன்ன மாதிரியே சொன்னாள். வெளியே வந்து ரெண்டு டீ சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் டீயைத் தொடவில்லை.

"மாமா, குற்றவாளின்னு வாசிச்சாங்களே."

"ஏட்டி, அது அங்கன எல்லாருக்கும் வாசிக்கிற பாட்டு. எனக்கு அஞ்சு தடவ வாசிச்சிருக்காங்க. கொம்பு மொளைச்சா திரியுதேன்?"

அவள் என் தலையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அன்று அவளைச் சிரிக்க வைத்ததில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நினைத்தால், இப்போது என் மீசையை நானே மழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டிகிரி முடித்ததும் போலீஸ் வேலைக்கு எழுதினாள். சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை. தெருவில் யாராவது குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்தால், எல்லாரும் கதவைச் சாத்துவார்கள், இவள் திறந்துகொண்டு போய் நிற்பாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். உடல் தகுதிக்கு நானூறு மீட்டர் ஓடவேண்டும். அதற்குத்தான் அந்த ஸ்டாப் வாட்ச் வாங்கினேன். விடியற்காலையில் மைதானத்தில் அவள் ஓடுவாள், நான் கோட்டுக்குப் பக்கத்தில் வாட்சும் கையுமாக நின்று, மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி "விரட்டு, விரட்டு" என்று கத்துவேன். மற்றப் பிள்ளைகளுடைய பயிற்சியாளர்கள் விசில் அடிப்பார்கள். நான் வர்ணனை சொல்வேன். ஒரு காலையில் அவள் கோட்டைத் தாண்டிவிட்டு முட்டியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். வாட்சைக் காட்டினேன். ஒரு நிமிடம் இருபத்தோரு விநாடி. அவர்கள் கேட்டதைவிட ரொம்பக் கம்மி. இனி இந்த வாட்ச் தேவைப்படாது மாமா, ஆணியில் மாட்டுங்கள் என்றாள். மாட்டினேன்.

தேர்ச்சிப் பட்டியல் வந்த அன்று நான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு என்று ஒன்று விடாமல் அறிவித்தேன். தெரு முனையில் அவள் படம் போட்ட வாழ்த்துப் பலகை வைத்தேன். அவள் படத்துக்குக் கீழே சின்னதாக என் படமும் இருந்தது. தங்கச்சி அதைப் பார்த்து அழுதாள். என் படத்தைப் பார்த்து அழுகிறாயா என்று கேட்டு அவளையும் சிரிக்க வைத்தேன்.

பிறகு நடத்தை விசாரணைக்கு ஒரு படிவம் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாக வாசித்து எழுதினாள். உங்கள்மேல் எப்போதாவது வழக்கு இருந்ததா, நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வந்ததும் பேனாவை நிறுத்தினாள். அந்த ஸ்கூட்டர் விவகாரம் இதில் சேருமா என்று கேட்டாள். நான் அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வழக்குன்னா திருட்டு, வெட்டுக்குத்து. ஃபைன் கட்டுனதெல்லாம் வழக்கா? இல்லன்னு எழுது. ஆமான்னு எழுதி நீயே குழி தோண்டாத."

குற்றவாளி என்று வாசித்தது அவள் காதில் இன்னும் இருந்திருக்கும். ஆனால் வீட்டில் கோர்ட்டைக் கண்ட ஒரே ஆள் நான். 'இல்லை' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து.

ரெண்டு மாதத்தில் கடிதம் வந்தது. தண்டனை விவரத்தை மறைத்த காரணத்தால் தேர்வு ரத்து செய்யப்படுகிறது என்று இருந்தது. அதை வாசிக்க எனக்கு எழுத்துக் கூட்டத் தேவைப்படவில்லை, அவள் முகமே போதும். ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தோம். அவர் ரத்துக் கடிதத்தையும் படிவத்தின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வேகமாப் போனதுக்காக இல்ல அண்ணாச்சி. ஆமான்னு எழுதியிருந்தா, சின்னக் கேஸுன்னு விட்டிருக்கலாம். விடாமலும் இருந்திருக்கலாம். இல்லன்னு எழுதுனதுதான் இப்ப கழுத்தப் புடிக்குது."

நான்தான் அம்மா அப்படி எழுதச் சொன்னேன், எந்த ஜட்ஜ் முன்னால் வேண்டுமானாலும் நின்று சொல்கிறேன் என்றேன். "கையெழுத்து யாரு போட்டது?" என்று கேட்டார். அவள்தான் என்றேன். அவர் ரெண்டு தாளையும் மடித்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கு வேப்பமரத்தடியிலேயே ரசீது வாங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதையும் அவர் வாயால்தான் கேட்டேன். மதுரை ஹைகோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தோம். போலீஸ் வேலைக்கு வருகிறவர்கள் உண்மையை மறைக்கக் கூடாது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அந்த வார்த்தையில் என்ன பிழை இருக்கிறது? யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாமல் பஸ் ஏறினோம். கோவில்பட்டி வரைக்கும் ரெண்டு பேரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் நான்தான் பேசினேன், அதுவும் கடலை வேண்டுமா என்று.

எனக்கு அஞ்சு தண்டனை. அவளுக்கு ஒன்று. என் அஞ்சும் என்னை ஒன்றும் செய்யவில்லை. யாரும் எனக்கு டீ தர மறுக்கவில்லை, எந்த முதலாளியும் என்னிடம் படிவம் கொடுக்கவில்லை, ஏனென்றால் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எட்டிப் பிடிக்க ஏதோ வைத்திருந்தவளுக்குத்தான் அந்த ஒன்று வந்து விழுந்தது. இது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. மூன்றாம் வகுப்பில் ரெண்டு வருடம் இருந்தவனுக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

அடுத்து நடந்ததைப் பார்த்தபோது வேலை போனதுகூடப் பெரிதில்லை என்று ஆகிவிட்டது. பலகையைப் பார்த்த ஊர், ஏன் இன்னும் பயிற்சிக்குப் போகவில்லை என்று கேட்டது. ஏதோ கேஸாம் என்று ஒருவர் சொன்னார். என்ன கேஸ்? பொம்பிளைப் பிள்ளைமேல் கேஸ் என்றால் ஜனம் எங்கெங்கோ போய் நினைக்கிறது. ஸ்கூட்டரில் வேகமாகப் போனதற்கு என்று நாங்கள் உண்மையைச் சொன்னோம். யாரும் நம்பவில்லை. திசையன்விளையிலிருந்து பெண் பார்க்க வந்த வீட்டாரில் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மீசை மை, சொதி, வேப்பமரம், எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார்.

"நீரு நல்லாப் பேசுதீரு வே. ஆனா ஸ்பீடாப் போனதுக்கு ஒருத்திக்கு வேலை போவும்னு என்னைய நம்பச் சொல்லாதீரும்."

அவர்கள் திரும்பி வரவில்லை. பெரிய பொய்யாக இருந்தால் நம்பியிருப்பார்கள். நடந்தது ரொம்பச் சின்னதாக இருந்தது. அதைச் சொன்னவனும் நான்.

அந்த வருடம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வழக்கம்போல் மைக் என் கையில் இருந்தது. மத்தியானம், சாப்பாட்டுக்கு ஊர் முழுக்க வரிசையில் நின்றது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நான்தான் பேசவேண்டும். அவளும் தங்கச்சியும் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடைவெளி இருப்பது மேடையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. முப்பது வருடமாக மற்றவன் கடைக்காகக் கத்திய தொண்டை, ஒரு தடவை வீட்டுப் பிள்ளைக்காகக் கத்தட்டும் என்று நினைத்தேன். பாட்டை நிறுத்தினேன். என் மருமகள்மேல் உள்ள கேஸ் என்ன என்று இப்போது சொல்லப்போகிறேன், சாமி முன்னால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

நான் மீசைக்கு மை போட்டதைச் சொன்னதும் முதல் சிரிப்பு வந்தது. சொதி என்றதும் வரிசையே குலுங்கியது. சிரிக்காதீங்க, இது நெசம் என்றேன். அதற்கு இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள், ஏனென்றால் ஒவ்வொரு நக்கலுக்கு முன்னாலும் நான் அப்படிச் சொல்வதுதான் வழக்கம். 'இல்லன்னு எழுது' என்று நான் சொன்னதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அழுகிற மாதிரி நடிக்கிறான் பார் என்று முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். கீழே பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மருமகளும் சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிக்காமல் நின்றால் எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்பதற்காக, உதட்டளவில். நான் அடுத்த பாட்டைப் போட்டேன்.

மறுநாளிலிருந்து அவளுக்குத் தெருவில் ஒரு பேர் விழுந்தது. சொதி போலீஸ். அவள்மேல் அதுவரைக்கும் இருந்த சந்தேகம் ஒன்றும் போகவில்லை. அதற்கு மேலே இதுவும் சேர்ந்துகொண்டது. பட்டம் கொடுத்தவன் நான். அதையும் மைக்கில் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அவள் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் சரக்குக் கணக்குப் பார்க்கிறாள். கம்பெனி வேன் தினமும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகிறது. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அதற்கு ஒரு நக்கல் பதில் வைத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் சொந்தத்தில் ஒரு மறுவீடு, அதே பக்கம்தான். நான் வரவில்லை என்றேன். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"ஏறுங்க மாமா. பைய போவோம்."

பையத்தான் போனாள். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு டிராக்டர் தாண்டியது. பைக்கில் போன ரெண்டு பேர் திரும்பிப் பார்த்து, சொதி போலீஸ் என்று கத்திவிட்டுப் போனார்கள். அவள் திரும்பவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே யாரும் இல்லை. இருந்தும் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தொடையிலேயே வைத்துக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரெண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. சொதி தீர்ந்துவிட்டது. ரசம் ஊற்றினார்கள். ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

போன வாரம் ஸ்டாப் வாட்சில் எண் மங்குவதைக் கவனித்தேன். கடிகாரக் கடைக்குக் கொண்டுபோனேன். பேட்டரி தீரப்போகிறது என்றார் கடைக்காரர். மாற்றினால் அந்த எண் அழிந்துவிடும், மாற்றாவிட்டாலும் கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும் என்றார். எண்ணை மட்டும் நிறுத்தி வைக்க வழி உண்டா என்று கேட்டேன். நக்கல் செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். வாங்கிக்கொண்டு வந்து பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். காலையில் வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது, தலையை ஒரு பக்கமாகச் சரித்துப் பார்த்தால் இன்னும் தெரிகிறது. ஒன்று தெரிகிறது. இருபத்தொன்றில் அந்த ரெண்டு மட்டும்தான் சரியாகத் தெரியவில்லை.